மச்சானின் மதியத் தூக்கம்

ஏப்ரல் 7, திங்கள்

நல்ல வெயில். தெற்குக் காற்று. மேல்பாத்திகளில் உப்பு வாரியாயிற்று, குவியல் இரண்டு. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் போனில் மழை உண்டா என்று பார்த்தபடியே இருந்தேன். பொறுப்புள்ளவன் பார்க்கத்தான் வேண்டும்.

பக்கத்து உப்பளம் மச்சான் சேகருடையது. என் மனைவி லட்சுமியின் தம்பி. நடுவில் ஒரு வரப்புதான். மதியம் சாப்பிட்டுவிட்டு ஷெட்டில் துண்டை விரித்துத் தூங்குகிறான். குறட்டை இங்கே கேட்கிறது. போன வருஷம் வரை என்னைவிட மோசமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவன். பொங்கலுக்குப் பிறகு வியாழன்தோறும் புதுச்சேரிக்குப் போய் ஒரு கவுன்சிலிங் மேடத்திடம் பேசிவிட்டு வருகிறான். பேசுவதற்கு பஸ் ஏறிப் போகிறான்!

லட்சுமி: "தம்பி மூஞ்சியே தெளிஞ்சிடுச்சி, பாத்தீங்களா?"

பார்த்தேன். வயிறு எரிந்தது.

வாங்க வேண்டியது: தார்ப்பாய்க் கயிறு, வாயு மாத்திரை, டார்ச் செல்.

ஏப்ரல் 9, புதன்

மகள் பவித்ராவுக்குக் காலை ஏழு, பகல் ஒன்று, மாலை ஆறு, ராத்திரி ஒன்பது என்று போன். புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். பகல் ஒரு மணிக்கு எடுக்கவில்லை. பதினோரு முறை அடித்தேன். பிறகு வார்டன் அம்மாவுக்கு.

"சார், அவ சாப்ட்டுட்டு இருக்கா சார். நேத்தும் இதேதான் கேட்டீங்க."

பெண்ணைப் பெற்றவன் கேட்கமாட்டானா? வார்டனுக்கு என்ன தெரியும். சாயங்காலம் வரை நெஞ்சைப் பிடித்தது, விரல் மரத்தது. வெயில்தான் காரணம்.

ஏப்ரல் 18, வெள்ளி

மழை. எழுதவே கை வரவில்லை.

காலையிலிருந்து போன் பார்த்து, குவியலை இரண்டு முறை மூடச் சொல்லி, இரண்டு முறை திறக்கச் சொன்னேன். உப்பு வாரும் பெண்கள் முணுமுணுத்தது காதில் விழுந்தது: "மூடுன்றாரு, தொறன்றாரு. உப்புக்கே கிறுகிறுன்னு வந்துடும்."

மூன்று மணிக்கு நிஜமாகவே கொட்டியது. ஓடி மூடினோம். சேகரும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி மூடினான். பாத்தியில் இருந்தது இருவருக்கும் கரைந்தது. குவியல் இருவருக்கும் பிழைத்தது. எனக்குப் போனதும் அவ்வளவுதான், அவனுக்குப் போனதும் அவ்வளவுதான்.

ஆனால் அவன் மதியம் தூங்கியிருந்தான்! நான் ஒரு வாய் சோறு தின்னவில்லை. இத்தனை வருஷம் நான் பயந்தது எதற்கு? அவன்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

ஏப்ரல் 21, திங்கள்

மரக்காணம் டீக்கடை. சேகர் தானாகவே சொன்னான்.

"மாமா, எனக்கு நெஞ்ச புடிக்கும். வெரலு மரத்துப்போவும். சோறு எறங்காது. யாராச்சும் போன் எடுக்கலன்னா செத்துட்டாங்கன்னே தோணும். ஹார்ட்டுதான்னு ஈசிஜி எடுத்தேன். ஒன்னுமில்ல, இது பதட்டம்னாங்க."

டீ ஆறிப்போயிற்று. அவன் சொன்னது ஒவ்வொன்றும் என்னுடையது. என்னுடையதைத் திருடிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, அதற்கு ஒரு பேரும் வாங்கி, குணமும் ஆகிவிட்டான். எனக்கு இத்தனை நாள் வாயு, வெயில், பொறுப்பு.

"நீயும் வாயேன் மாமா" என்றான். எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 26, சனி

பவித்ரா வந்திருக்கிறாள். மீன் குழம்பு. கை கழுவும்போது அவள் முழங்கையில் தழும்பைப் பார்த்துவிட்டேன்.

"போன மாசம்ப்பா. ஃபிரண்டோட ஸ்கூட்டியில விழுந்துட்டேன். நாலு தையல்தான்."

"ஆஸ்பத்திரிக்கு யாரு வந்தது?"

"சேகர் மாமா."

லட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கப்பா. அடிபட்ட வலியோட உங்களையும் நான்தான் பாத்துக்கணும்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. தினமும் நாலு முறை போன் செய்கிற எனக்கு ஒன்றும் தெரியாது. வாரம் ஒருமுறை பேசுகிற சேகருக்கு எல்லாம் தெரியும். என் மகள் வலித்தபோது கூப்பிட்டது அவனை. அவன் தூக்கம், அவன் முகத் தெளிவு, அதெல்லாம்கூடப் போகட்டும். இதை விட்டுக்கொடுக்க முடியாது.

மே 9, வெள்ளி

புதுச்சேரிக்குப் போனேன், சேகர் போகாத நாளாகப் பார்த்து. லட்சுமியிடம் தார்ப்பாய் விலை கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. பஸ்ஸில் கூனிமேடு தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன்.

சின்ன அறை. மின்விசிறி. மேடத்துக்கு என் வயதில் பாதிதான் இருக்கும்.

"எதுக்கு வந்தீங்க, சொல்லுங்க."

"மச்சான்மேல பொறாமையா இருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. பவித்ரா போன் எடுக்காவிட்டால் என்ன தோன்றும் என்று கேட்டார். ரோடு, லாரி, ஒற்றைச் செருப்பு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. எதிரே டிஷ்யூ பெட்டி. சேகரும் இதிலிருந்துதான் எடுத்திருப்பான்.

"சேகர் என்னைப் பத்தி என்னங்க சொன்னான்?"

"அவரு பேசினதை நான் சொல்ல மாட்டேங்க."

"அப்ப நான் பேசறதையும் அவன்கிட்ட?"

"சொல்ல மாட்டேன்."

அது பிடித்திருந்தது.

வீட்டுப் பாடம்: போன் ஒரு நாளைக்கு ஒருமுறை. மழை பார்ப்பது காலை ஒன்று, மாலை ஒன்று. பயம் வந்தால் ஓடாமல் உட்கார வேண்டும், மூச்சை மெதுவாக விட வேண்டும். அது ஏறும், பிறகு தானே இறங்கும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். பக்கத்து ஆள் தட்டி எழுப்பினார்.

மே 16, வெள்ளி

இந்த வாரம் கணக்கு தவறியது. செவ்வாய் மட்டும் போன் ஆறு முறை. மேடத்திடம் மறைக்கலாமா என்று யோசித்துச் சொல்லிவிட்டேன். மீதி நாளெல்லாம் ஒருமுறைதானே, அதைச் சொல்லுங்கள் என்றார். நெஞ்சுப் பிடிப்பு இன்னும் வருகிறது. ஆனால் இப்போது வெயில் என்று சொல்லிக்கொள்வதில்லை. பேர் தெரியும்.

லட்சுமிக்கும் சொல்லிவிட்டேன். "தார்ப்பாய் வெல கேக்க ஷேவ் பண்ணிட்டா போவாங்க? அன்னிக்கே தெரியும்" என்றாள்.

மே 27, செவ்வாய்

புழுக்கம். கீழ்ப்பாத்தியில் உப்பு வாரல்.

பதினொன்றரைக்கு பவித்ரா போன். நான் அடிக்கவில்லை, அவள் அடித்தாள். குரலே சரியில்லை.

"அப்பா, ரிசல்ட் வந்துடுச்சி. ஒரு பேப்பர் போயிடுச்சிப்பா."

விரல் மரத்தது. ஃபீஸ், வருஷம் வீண், ஹாஸ்டல் மொட்டை மாடி, எல்லாம் ஒரே நொடியில் வந்தது. வரப்பில் உட்கார்ந்தேன். மூச்சை விட்டேன். கொஞ்சம் இறங்கும் வரை வாயைத் திறக்கவில்லை.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. நீ சொல்லு."

அழுதாள். பத்து நிமிஷம் அவளே பேசினாள். நான் கேட்டேன். சப்ளிமெண்டரி எழுதலாமாம். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் யாருக்கும் சொல்லலப்பா. உங்ககிட்டதான் மொதல்ல" என்றாள்.

மூன்று மணிக்கு சேகர் தூங்கி எழுந்து வரப்பில் வந்து நின்றான்.

"மாமா, பாப்பா போன் பண்ணுச்சா? எனக்கு ரெண்டு நாளா ஒன்னும் காணோம். என்ன சேதி?"

"ஒன்னுமில்ல மச்சான். சும்மாதான் பேசினா" என்றேன்.