குரைக்கும் நாயைத் தேடிப் போனேன்

அன்பு மகன் இல்மரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் வீடும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, அது கிடக்கட்டும், நீயும் உன் லிஸ்பன் வெயிலும் ஒருவருக்கொருவர் துணையாகச் சுகமாகவே இருப்பீர்கள். நம் ஊர் குஹ்மோவில் இன்னும் பனி விழவில்லை. ஏரிக்கரைப் படகை இழுத்துப் போட ஆள் இல்லை என்பதைத் தவிர வேறு குறை ஒன்றுமில்லை.

நாய் விஷயம் என்ன ஆனது என்று கேட்டிருந்தாய். நம் வேட்டை நாய் ரெக்கு செத்த மறுவாரமே அக்கரைத் தவுனோ வந்துவிட்டான், தன் வீட்டுக் குட்டிகளில் ஒன்றை எனக்கென்று நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு. சொந்தத் தாத்தா பெயரைச் சொல்லத் தடுமாறுகிறவன், அந்தக் குட்டியின் முன்னோர்களை மட்டும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். அத்தனை பெருமைக்கும் உரிய குட்டியோ என் பூட்ஸ் கயிற்றைத் தின்றுவிட்டு அதன்மேலேயே வாந்தி எடுத்தது. அது வேலை பழக இரண்டு இலையுதிர்காலமாவது ஆகும். அதற்குள் நீ, கைவிட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகத்து நாய் ஒன்றின் படத்தை அனுப்பி, பாவம் அம்மா, வளர்ந்த நாய், இதை எடுத்துக்கொள் என்றாய். காட்டை விட்டு ஓடிப்போனவன் எனக்கு வேட்டை நாயைப் பற்றிப் புத்தி சொல்கிறான், எல்லாம் என் நேரம்.

இருந்தாலும் அந்தக் காப்பகம் இருக்கும் ஔலு நகரம் வரை போனேன். காப்பகத்துப் பெண் ஒருத்தி, நாய் எங்கே தூங்கும், வீட்டில் சோபா உண்டா என்று மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவள் போலக் கேள்வி கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, இது விடாமல் குரைக்கும், மாடிக் குடியிருப்பில் எல்லாரும் புகார் செய்ததால்தான் வளர்த்தவர்கள் இங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்று மன்னிப்புக் கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் ஊர்ச் சிவப்பு வேட்டை நாயை வாங்கி மாடி வீட்டில் அடைத்து, காப்பியின் பெயரான லாத்தே என்று பெயரும் வைத்து, அது குரைக்கிறது என்று துரத்திவிடுகிற அறிவாளிகளை என்ன சொல்வது. நீ மறந்திருப்பாய், சொல்கிறேன். காட்டுச்சேவல் மரத்தில் ஏறியதும் நாய் அடியில் நின்று விடாமல் குரைக்க வேண்டும், சேவல் அதையே பார்த்துக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாம் போய்ச் சேர வேண்டும். போட்டிகளில் நிமிடத்துக்கு எத்தனை குரைப்பு என்று எண்ணியல்லவா பரிசு தருகிறோம். நானும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், பரிசு நாய்தான். வேறெதுவும் கேட்காமல் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

வேட்டை தொடங்கியது. முதல் நாளே கண்ணெதிரே பைன் மரத்தில் கொழுத்த சேவல் ஒன்று போய் உட்கார்ந்தது. இந்தத் துரை அதை அண்ணாந்து பார்த்தார், திரும்பி வந்து என் பூட்ஸ்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒரு முனகல்கூட இல்லை. வாரம் முழுக்க இதே கதை. தவுனோ கடைத்தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தான். அந்த ஊமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமைக்குள் குட்டியை எடுத்துக்கொள், இல்லையென்றால் குட்டி கேட்டிருக்கும் சொத்கமோ ஊர்க்காரருக்குக் கொடுத்துவிடுவேன் என்றான். நானும் சரி என்றேன். குட்டி பழகும்வரை பொறுத்தாலும் பரவாயில்லை, எனக்கு இருப்பது இந்த வேட்டை ஒன்றுதானே, அதை ஊமை நாய்க்காக அடியோடு விடுவேனா.

வெள்ளிக்கிழமை அதைக் காட்டுக் குடிசையில் கட்டிவிட்டுப் பழம் பறிக்கச் சதுப்புப் பக்கம் போனேன். மரங்களுக்குப் பின்னால் நான் மறைந்ததும் ஆரம்பித்தது பார், அப்படி ஒரு குரைப்பை ரெக்குவிடம்கூட நான் கேட்டதில்லை. நாய் சேவலை மரத்தில் நிறுத்திவிட்டது என்று நினைத்துத் தவுனோ துப்பாக்கியோடு படகில் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான், மரம் மரமாக அண்ணாந்து பார்த்தான். நான் கூடையோடு வந்ததும் நாய் வாயை மூடிக்கொண்டது. சந்தேகத்துக்கு மறுபடி போய் மறைந்தேன், மறுபடி குரைத்தது. தவுனோ அடிமரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“அக்கா, அது சேவலுக்குக் குரைக்கிற நாய் இல்ல. நீ வரணும்னு குரைக்குது. அந்த மாடி வீட்லயும் இதைத்தான் பண்ணிருக்கும்.”

வாயை மூடு என்று அவனைத் திட்டினேன். சனிக்கிழமை குட்டி சொத்கமோவுக்குப் போய்விட்டது. ஏன் என்று கேட்காதே. நீ சொன்னதற்காக வைத்துக்கொண்டேன் என்று பெருமையும் பட்டுக்கொள்ளாதே. இந்த வருஷம் குஹ்மோச் சேவல்களெல்லாம் கிழடாகித்தான் சாகும், உன் தாய் வேட்டைக்காரி என்ற பெயரும் அதோடு போயிற்று. துரைக்குச் சோபா போதவில்லை, கட்டில் வேண்டுமாம்.

வெளியூர்ச் சாப்பாட்டில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. கடவுள் உன்னை நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். கோடைத் திருநாளுக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. கிறிஸ்துமஸுக்காவது டிக்கெட் எடு. நாய் எதற்குக் குரைத்தது என்று தெரிந்துகொண்டாய் அல்லவா, உன் அம்மா இத்தனை பக்கம் எதற்குத் திட்டியிருக்கிறாள் என்றும் யோசித்துப் பார்.

உன் அம்மா,
ஔனே