கிணற்றுச் சங்கிலி

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

பாலத்தில் வைத்து சைக்கிள் செயின் கழன்றது. கையெல்லாம் கிறீஸ். கந்தோருக்கு வந்து சவர்க்காரம் போட்டும் போகவில்லை. இரண்டு பிறப்புச் சான்றிதழ்களை விரல் படாமல் மொழிபெயர்த்தேன்.

பெப்ரவரி 8, வியாழன்

கொண்டச்சியிலிருந்து றாபியா வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். அவருடைய வாப்பா எழுதிய காணி நன்கொடை உறுதிப் பத்திரத்தைப் போன வருடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தது நான்தான். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தார். கொழும்பிலிருந்து பதில் வந்திருக்கிறது. உறுதிப்படி அவருக்கு ஒரு கிணறும் அதன் சங்கிலியும் மட்டும்தானாம். வீடு கட்டக் காணி இல்லை, ஆகவே வீடும் இல்லை. மிச்சமெல்லாம் அண்ணன் ஜமால்தீனுக்கு. அவர் கிணற்றைச் சுற்றி வேலி போடத் தொடங்கிவிட்டார்.

"எங்கட கிணத்துல சங்கிலியே இருந்ததில்ல மிஸ். வாப்பாட காலத்துலயும் கயிறுதான்."

மூலத்தை எடுத்துப் பார்த்தேன். 'கிணறும் அதனோடு ஒரு சங்கிலியும் மகள் றாபியாவுக்கு.' சொல்லுக்குச் சொல் சரி. அப்படியே சொல்லி அனுப்பினேன். தகரக் கொட்டிலுக்குத் திரும்பிப் போயிருப்பார்.

பெப்ரவரி 9

நாய்க்குச் சங்கிலி. கழுத்துக்குச் சங்கிலி. வாட்ஸப்பில் ஒருத்தி, பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதி வரும் என்று ஒரு செபம் அனுப்பியிருக்கிறாள் — அதுவும் சங்கிலிதான். இல்லாத சங்கிலியை ஒரு தகப்பன் மகளுக்கு ஏன் எழுதி வைக்கிறார்?

பெப்ரவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது பெனடிக்ற் அண்ணையைக் கண்டேன். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"சங்கிலி எண்டால் அறுபத்தாறு அடி, பிள்ளை. அதை இழுத்துத்தானே நாங்கள் காணி அளந்தனாங்கள். கிணத்தோட ஒரு சங்கிலிக் காணி எண்டுதான் அந்த மனுசன் எழுதியிருக்கிறார்."

இருபத்திரண்டு வருடமாக மொழிபெயர்ப்புகளுக்கு முத்திரை குத்துகிறேன். அகராதியைக்கூடத் திறக்காமல் 'ஒரு சங்கிலி'யை ஆங்கிலத்தில் 'அதன் சங்கிலி' ஆக்கிவிட்டேன். என்ர வீட்டுக் கிணத்தில கப்பியும் சங்கிலியும் கிடக்குது — அதைக் கழட்டிக் கொண்டுபோய் அந்த மனுசியின்ர கிணத்தில கட்டியிருக்கிறன்! அவவின்ர வீட்டை நான்தான் விழுங்கினனான்.

பெப்ரவரி 12

பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? பெனடிக்ற் அண்ணைக்குத் தெரியும். எனக்கும்.

பெப்ரவரி 13

பிழை என்னுடையது என்று சத்தியக் கடதாசி முடித்து, திருத்திய மொழிபெயர்ப்போடு கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால் கந்தோரில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கம்.

மே 21, செவ்வாய்

வீடு கிடைத்துவிட்டது என்று றாபியா கூப்பிட்டார். கொண்டச்சிக்குப் போனேன். கிணற்றிலிருந்து ரோட்டுப் பக்கமாக அறுபத்தாறு அடி அளந்து அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். அளக்கும்போது நாடாவின் மறுமுனையைப் பிடித்தது ஜமால்தீன்தானாம். வேலிக் கட்டைகளையும் அவரே பிடுங்கிவிட்டார்.

கிணற்றில் புதுக் கப்பி. அதில் பளபளவென்று ஒரு சங்கிலி.

"கயிறு எங்கே?" என்றேன்.

"நீங்க முதல்ல எழுதினதும் பொய்யாகக் கூடாதே மிஸ்" என்றார் றாபியா. வாளியை என் பக்கம் தள்ளினார்.