பிரிக்காத உறை

என் சிட்டுக்குருவிக்கு,

நேற்று உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். உன் சித்தப்பா மைக்கைப் பிடித்து, "என் அண்ணன் பொண்ணோட மாயாஜாலக் கதை ரெண்டு பாகத்தையும் ஒரே மூச்சுல படிச்சேன்" என்று அழுதார். நீயே அச்சடித்து, கடை கடையாகச் சுமந்து அலைந்தபோது "பூச்சாண்டிக் கதையை எவன் வாங்குவான்?" என்று சிரித்த அதே வாய்.

இறங்கி வந்ததும் கேட்டேன். "எந்த இடம் தம்பி பிடிச்சுது?"

"ராஜா சாகுற இடம், அண்ணி. கண்ணு கலங்கிடுச்சு."

உன் கதையில் ராஜாவே கிடையாது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற எனக்கே தெரியும். விற்க வேண்டிய புத்தகங்களை நான் பொட்டலம் கட்டக் கட்ட, நீதானே படித்துக் காட்டினாய்.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் உன் புத்தகங்கள், நான் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. இரண்டையும் எடுத்துக்கொண்டேன்.

"எங்க கொண்டு போறீங்க அண்ணி?"

"படிக்கிறவங்களுக்குக் குடுக்க."

 

மூன்றாம் பாகம் எப்போது வரும் என்று ஒரு பெண் போனில் கேட்கிறாள். நீ பாதியில் விட்டதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்காவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சூனியக்காரி கடலுக்கடியில் பூட்டிவைத்த பெண்ணை அவள் அம்மா கண்டுபிடிக்கிறாளா?

உன் பொட்டலக்காரி,
அம்மா