கடைசிப் பக்கத்தை முதலில் படித்தவளுக்கு

என் சுமதிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது? அதனால் இங்கே இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தை மாதக் காற்று இன்னும் ஓயவில்லை. காயப்போட்ட துணியெல்லாம் வரப்பு தாண்டிப் போகிறது. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. நான் தோசை சுடக் கற்றுக்கொண்டேன். அது வட்டமாக வருவதில்லை, கேரளா மேப் மாதிரி வருகிறது என்று நம் மகள் நிவேதா சொல்கிறாள்.

ஊர் நூலகத்தில், அதான் நம்ம வாயனசாலையில், ஆண்டு மலர் போடுகிறார்களாம், தமிழில் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வந்து கேட்டார்கள். தென்னைக்கு வேப்பம்புண்ணாக்கு வைப்பதைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் உனக்கு எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். பயத்தை ஒருவனே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அந்த மூன்றாவது புத்தகம் வந்துவிட்டது, சுமதி.

எந்தப் புத்தகம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீயும் நிவேதாவும் சேர்ந்து படித்த அந்த மாயாஜாலக் கதைதான். பனிமலை தேசம், பேசும் காற்று, கெஸ்ரின் என்று ஒரு சின்னப் பெண். எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் கஸ்தூரி என்று சொல்வேன். "கஸ்தூரி இல்லீங்கப்பா, கெஸ்ரின்!" என்று இவள் கத்துவாள். "உங்கப்பாவுக்கு அவ கஸ்தூரிதான் கண்ணு, உடு" என்று நீ சொல்வாய். நீ இங்கிலீஷில் பார்த்துக்கொண்டே நம்ம தமிழில் சொல்வாயே, ஓநாய்க் கூட்டத்தைச் செந்நாய்க் கூட்டம் ஆக்கி, பனிமலையை நெல்லியாம்பதி மலைக்கு மேலே தூக்கி வைத்து! மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே நானும் கேட்டுக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா?

இரண்டாவது புத்தகத்தின் முடிவில் கஸ்தூரியின் அம்மா மூடுபனிக் கதவுக்கு உள்ளே போய்விடுகிறாள். அதை நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி படித்துச் சொன்னாய். இவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்கம்மா திரும்பி வருவாங்களா?" என்று கேட்டாள். "மூணாவதுல வந்துருவா பாரு" என்று நீ சொன்னாய்.

சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். புத்தகம் இப்போதுதான் வருகிறது.

உன் காரியம் முடிந்த பிறகு இவள் அதிகம் பேசவில்லை. பள்ளிக்கூடம் போவாள், வருவாள், சாப்பிடுவாள். அழக்கூட இல்லை. ஒரு நாள் திடீரென்று என் முன்னால் ஃபோனை நீட்டினாள். புத்தகத்தின் அட்டைப் படம். "பாருங்கப்பா, கதவு பாதி தொறந்திருக்குது!" முகத்தில் ஒரு வெளிச்சம். எந்தத் தேசத்துப் பிள்ளைகளோ அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஃபோனிலேயே சண்டை போட்டிருக்கிறார்கள். அம்மா வருவாள் என்று ஒரு கட்சி, வரமாட்டாள் என்று ஒரு கட்சி. இவள் வருவாள் கட்சி. புத்தகம் வருகிற தேதிக்குக் காலண்டரில் வட்டம் போட்டாள். பழைய இரண்டு புத்தகத்தையும் மறுபடி எடுத்துப் படித்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கிணற்று மோட்டாரைப் போட எழுந்து போனேன்.

அந்த அம்மா வராவிட்டால் இவளுக்கு இது இரண்டாம் முறை. வந்துவிட்டால்? "அவளோட அம்மா வந்துட்டாங்க, என்ற அம்மா ஏன் வரலை?" என்று கேட்டால் நான் எந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்வேன்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி. பயம் வந்தால் எனக்கு மோட்டார் போடத் தோன்றும், உனக்குத் தெரியும். அந்த மாதம் நான் மோட்டார் போடப் போன தடவைக்கு ஊருக்கே தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம். "ஏனுங்கப்பா, கெணத்துல தண்ணியே இல்லீங்களே, அங்க போய் என்னுங்க பண்றீங்க?" என்று இவளே கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் உன் பழக்கம் நினைவுக்கு வந்தது. எந்தப் புத்தகம் வந்தாலும் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய். நான் கேலி செய்தேன். "பாலக்காட்டு பஸ்ஸுல ஏறறப்ப அது எங்க போய் நிக்கும்னு பாத்துட்டுத்தானுங்க ஏறறோம்?" என்றாய். இவள் எதிரே உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நீ புத்தகத்தை மூடி, "போலாம் கண்ணு" என்பாய். அதற்குப் பிறகுதான் முதல் பக்கம். நீ போலாம் சொல்லாமல் இவள் ஒரு கதையும் தொடங்கியதில்லை.

இனி யார் பார்ப்பது? வீட்டில் மிச்சம் இருப்பது நான்தான். பத்தாவதில் இங்கிலீஷை எப்படித் தாண்டினேன் என்று எனக்கும் தெரியாது, பேப்பர் திருத்தியவருக்கும் தெரியாது.

இவள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் கூரியர்க்காரப் பையன் கூப்பிட்டான். "சேட்டா, ஒரு பார்சல் உண்டு. வீடு எவிடயா?" வீடு வேண்டாம், நானே வருகிறேன் என்று கொல்லங்கோட்டு ரோட்டுக்கே போய் வாங்கிக்கொண்டேன். என்னவோ கள்ளக்கடத்தல் சரக்கு மாதிரி வேட்டிக்குள் மறைத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோனேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஃபோனைக் காட்டினால் தமிழில் மாற்றித் தரும் என்றார்கள்; அது தந்த தமிழுக்கு என் இங்கிலீஷே தேவலை.

ஒரு படகு. அதில் தாரன் என்று ஒரு பையன். அண்ணன் செத்துப்போய் அவன் அழுகிறான். யார் இவன்? கஸ்தூரி எங்கே? முந்தின பக்கம் பார்த்தேன், இல்லை. அதற்கும் முந்தின பக்கம், அங்கேயும் இல்லை. மலை இல்லை, கதவு இல்லை, செந்நாய் இல்லை. நிலத்தை விற்றுவிட்டுப் போன குடும்பம் மாதிரி ஒருத்தரையும் காணோம். அம்மா மட்டுமா, அந்தப் பிள்ளையும் போய்விட்டாள் என்று புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டேன். இதற்கு மேல் திருப்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. மாட்டுத் தீவனச் சாக்கில் சுற்றி ஸ்டார்ட்டருக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் இவள் ஃபோனைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"டெலிவரி ஆயிருச்சுன்னு காட்டுதுங்கப்பா."

"வாளையார் செக்போஸ்ட்டுல லாரி நின்னுருக்கும் கண்ணு. அங்க எந்நேரமும் வண்டி நெரிசலு."

"இது எர்ணாகுளத்துல இருந்து வருதுங்க. வாளையாருக்கு எதுக்குங்க போவுது?"

மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். அடுத்த நாளும் அதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மோட்டார் ரூமில் சாக்கைப் பிரித்து அந்தப் படகுக்காரனை மறுபடியும் முறைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. நிவேதா.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அம்மாவும் ஆஸ்பத்திரில ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னே சொல்லிட்டிருந்தாங்க. இப்ப நீங்களுமாங்கப்பா?" என்றாள். குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. அதைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"கஸ்தூரி போயிட்டா கண்ணு. அவங்கம்மாளும் வல்ல. ஒருத்தருமே இல்ல. யாரோ ஒரு பையன் படகுல உக்காந்து அழுதுட்டிருக்கறான்" என்றேன்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. இரண்டு மூன்று தாளைப் பின்னால் தள்ளினாள். அப்புறம் சிரித்தாள் பார், சுமதி! மோட்டார் ரூம் தகரமே அதிர்ந்தது. அப்படியே உன் சிரிப்பு, கடைசியில் மூச்சு வாங்கி ஒரு விக்கல் வருமே, அதுவும் சேர்த்து.

"ஏனுங்கப்பா, இது வேற கதைங்க! அடுத்தாப்ல வரப்போற புக்கோட மொதல் அத்தியாயம். வெளம்பரத்துக்குன்னு பின்னாடி சேத்திருப்பாங்க!"

"அதை ஏன் இதுக்குள்ள கொண்டாந்து வெச்சான்? கருமாந்திரம் புடிச்சவன்."

"எல்லாப் புக்குலயும் வெப்பாங்கப்பா. இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டிருந்தீங்க?"

நானும் சிரித்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம். அப்புறம் அவள் சிரிப்பு நின்றது. புத்தகத்தை மூடி என் மடியில் வைத்தாள். "அப்ப நெசமான கடைசிப் பக்கத்தை நீங்க இன்னும் பாக்கலை. நன்றின்னு ஒரு பக்கம் இருக்கும், அதுக்கு முன்னாடி. பாத்துச் சொல்லுங்க, அம்மா மாதிரி." சொல்லிவிட்டு வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பயம்.

படித்தேன். ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். தெரியாத வார்த்தையைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். தெரிந்த வார்த்தைகளே போதுமாக இருந்தன. கதவு மூடிக்கொள்கிறது. அம்மா அந்தப் பக்கம்தான். கஸ்தூரி அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தனியாக மலையிலிருந்து இறங்கி வருகிறாள். காற்று மட்டும் கூட வருகிறது.

உயிரோடு இருக்கிறாள். ஆனால் அம்மா வரவில்லை.

வெளியே தென்னை ஓலைகள் அடித்துக்கொண்டிருந்தன. அவள் முதுகு அசையவே இல்லை. என்ன சொல்வது? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மா பனிக்குள் போகிறாளே, அதையும் நீ முதலில் படித்தாய். படித்துவிட்டு, "போலாம் கண்ணு" என்றுதானே சொன்னாய்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கோயமுத்தூரில் டாக்டர் உன்னிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என்னிடம் திரும்பினாய். "ஒண்ணுமில்லீங்க. போலாம்." அவ்வளவுதான் சொன்னாய். வரும் வழியில் பொள்ளாச்சியில் இறங்கி இவளுக்கு ஜாங்கிரி வாங்கினாய். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் புளியமரத்தைப் பார்த்து இந்த வருடம் நல்ல காய்ப்பு என்றாய். எல்லாம் தெரிந்துகொண்டா, சுமதி? முடிவைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு நடுப்பக்கங்களில் உட்கார்ந்திருந்தாயே, உனக்குப் பயமாக இல்லையா? யாரிடம் சொன்னாய்? உனக்கு மோட்டார் ரூம்கூட இல்லையே.

"போலாம் கண்ணு" என்றேன். ஓலைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "வேற ஒண்ணும் சொல்லாதீங்க" என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

இப்போது தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குப் படித்துச் சொல்கிறாள், உன்னைப் போலவே தமிழாக்கி. செந்நாய் செந்நாயாகவே இருக்கிறது. நேற்று அவளே வாய் தவறிக் கஸ்தூரி என்று சொல்லிவிட்டு என்னை முறைத்தாள். தொடக்கத்தில் வேகமாகப் படித்தாள். இப்போது வலது கைப் பக்கத்துத் தாள்கள் மெலிந்துவிட்டன. அவளும் மெதுவாகப் படிக்கிறாள். ஒரு பக்கம் முடிந்தால் தண்ணீர் குடிக்கப் போகிறாள், கன்றுக்குட்டியைப் பார்த்துவிட்டு வருகிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா? என் முகத்திலேயே படித்துவிட்டாளா? உன் மகள்தானே.

எனக்குப் பயம் போகவில்லை. தோசையைத் திருப்பும்போதெல்லாம் காது அந்தக் கதவு வருகிறதா என்றுதான் கேட்கிறது. இந்த வாரமோ, அடுத்த வாரமோ வந்துவிடும். இத்தனை நாள் அழாத அழுகையெல்லாம் அன்றைக்கு வரும் என்று நினைக்கிறேன். வந்தால் என்னால் தாங்க முடியுமா? வராவிட்டால் அதைவிடப் பயம்.

அந்தப் படகுக்காரப் பையனின் கதை அடுத்த வருடம் வருகிறதாம். அவன் அண்ணன் எப்படிச் செத்தான் என்று எனக்கு இப்போதே கவலை. அதன் கடைசிப் பக்கத்தையும் நான்தான் முதலில் பார்ப்பேன், விளம்பரத்துக்கு முந்தின பக்கத்தை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இவள் அந்தக் கதவுப் பக்கத்தைத் திருப்புகிற சாயங்காலம், தென்னை வாடினாலும் சரி, கரண்ட் போகிற நேரமானாலும் சரி, நான் மோட்டார் போட எழுந்து போக மாட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
பாதி இங்கிலீஷும் முழுப் பயமுமாக,
உன் ஊட்டுக்காரன், நம்ம நிவேதாவோட அப்பன்.