இரண்டு பொட்டலம் புகையிலை

அன்பு மகனுக்கு,

இந்த ரொட்டியைக் கொண்டு வருபவரிடம் எதுவும் கேட்காதே. கம்பளிக் காலுறை நனையாமல் பார்த்துக்கொள்.

சோவியத் அரசுக்காக அவரவர் வீட்டு வரவு செலவை நோட்டில் எழுதித் தர, எங்கள் கூட்டுப்பண்ணையில் என்னையும் தேர்ந்தெடுத்தார்கள். கன்னியர் மடத்தில் படித்தவள் நான். கணக்கில் பொய் எழுதக் கை வரவில்லை. ஒரு மாதத்துக்கு முப்பது கிலோ மாவு, இரண்டு பொட்டலம் புகையிலை என்று உள்ளதை எழுதிவிட்டேன்.

நேற்று கணக்கெழுத்தர் கஸ்பாராஸ் நோட்டைப் புரட்டிச் சிரித்தான்.

“ஒண்டிக்கட்டைக்கு இவ்ளோ மாவா, அத்தை? புகை வேற பிடிக்கிறீங்களாக்கும்?”

“உங்க பண்ணைக் கூட்டத்துல உக்காந்தா யாருக்கும் அந்தப் பழக்கம் வந்துரும், தம்பி.”

அவன் சிரிப்பு நின்றது.

“அப்ப ஞாயித்துக்கிழமை சிப்பாய்ங்களோட வரேன். எங்க முன்னாடி ரெண்டு இழுப்பு இழுத்துக் காட்டுங்க.”

நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறு நீ வரும் நாள். வராதே. இனி எந்த நாளும் நீ ஒளிந்திருக்கும் காட்டை விட்டு வெளியே வராதே.

உன் புகையிலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பழகுகிறேன். இருமல்தான் இன்னும் நிற்கவில்லை. ஞாயிறுக்குள் நிறுத்திவிடுவேன்.

உன் அம்மா