பைண்டிங்குக்குப் போயிருக்கிறது

மார்ச் 3, செவ்வாய்

வாசகர்கள் மூன்று பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுப் போய்விட்டுத் திரும்பாதவர். மூன்றாமவர் முன்னுரை. ஆய்வேட்டின் முன்னுரையைப் பன்னிரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருப்பதால் நாங்கள் வைத்த பெயர். அவருக்கும் தெரியும், கோபமில்லை.

மதியம் தலைமையகத்திலிருந்து கடிதம். எங்கள் ஆய்வு நூலகத்தில் இருப்பவற்றுள் வேறெங்கும் கிடைக்காத நூல்கள் மட்டும் இங்கேயே இருக்கலாம். மற்றதெல்லாம் மையக் கிடங்குக்குப் போகும். அப்படி ஒரு நூலும் இல்லையென்றால் நூலகத்தையே மூடிவிடுவார்கள்.

வரலாறு, மொழியியல், தத்துவம் என்று முப்பத்தெட்டாயிரம் புத்தகம். பதினோரு வருடமாக நான்தான் தலைவர். எங்களிடம் மட்டுமே இருக்கும் புத்தகம் எது? யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

ஒன்றுகூட இல்லை.

மார்ச் 11, புதன்

தலைமையகத்து இயக்குநர் போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது.

"என்ன மேடம், இப்படிக் கமுக்கமா இருந்திருக்கீங்க! உங்க பட்டியலை கம்ப்யூட்டர்ல ஒப்பிட்டோம். உலகத்துல எங்கேயும் இல்லாதது இருநூத்திப் பன்னெண்டு இருக்கு. எல்லாம் ஒரே ஆசிரியர். ஆள் உயிரோட இருக்காரா?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஆசிரியர் பெயருக்கு நேரே எங்கள் அண்ணன் பெயர். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இங்கே இருபத்தாறு வருடமாகப் புத்தகம் அடுக்குபவர்.

"இருக்கார் சார். டீ வாங்கப் போயிருக்கார்."

"எளிமை!" என்றார் இயக்குநர்.

விஷயம் இதுதான். ஒரு புத்தகம் பைண்டிங்குக்கோ வேறெங்கோ போனால், அது இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை வைப்போம். டம்மி என்போம். அதில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: எங்கே போனது, எப்போது வரும், கீழே அண்ணனின் கையெழுத்து. ஆறு வருடம் முன்பு தற்காலிகமாக வந்த ஒரு பெண்ணிடம், "அலமாரியில இருக்கிற எல்லாத்துக்கும் எண் போட்டுப் பட்டியல்ல ஏத்தும்மா" என்று சொன்னேன். எல்லாத்துக்கும் போட்டாள். 'பைண்டிங்குக்குப் போயிருக்கிறது', 140 தொகுதிகள். 'தேடிக்கொண்டிருக்கிறோம்', 69 தொகுதிகள். 'மேடம் மேசையில் இருக்கிறது', மூன்று பாகம்.

எனக்கு இது முன்பே தெரியும். நீக்குவதற்கு ஒரு கட்டைக்கு நான்கு படிவம் நிரப்ப வேண்டும். சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

போனில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் கதவு மூடாமல் இருக்கட்டும், புத்தகங்களுக்கு அப்புறம் சண்டை போடலாம் என்று நினைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பாட்டில் கை வைத்தபடி ஐந்து நிமிடம் சிரித்தார். புரை ஏறியது. நல்லா வேணும்.

"உண்மையைச் சொல்லிடு. என்ன, தூக்குலயா போடுவாங்க?"

"மூடிடுவாங்க. அதுக்கு இது தேவலை."

அண்ணனிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மேடம், அதுல ரெண்டு சீட்டுல கையெழுத்து கோணலா இருக்கும். மாத்திடட்டுமா?"

மார்ச் 20, வெள்ளி

வல்லுநர் குழு வந்தது. இயக்குநரோடு ஒரு பேராசிரியர். இன்னொருவர் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

பேராசிரியர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கட்டையை எடுத்தார். திருப்பினார். முகர்ந்தார். என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன்.

"சார், தப்பு எங்க மேல. இது புத்தகமே இல்ல. புத்தகம் இல்லாத இடத்துல வைக்கிற மரக்கட்டை."

"அதைத்தானே நானும் சொல்ல வர்றேன்" என்றார் பேராசிரியர். கண் கலங்கியிருந்தது. "புத்தகம் இல்லாத இடத்துல... என்ன துணிச்சல்!" அண்ணனைப் பார்த்து, "இது என்ன மரம் ஐயா?"

"பழைய அலமாரிக் கதவு சார்."

குறித்துக்கொண்டார்.

நான் மறுபடியும், "சார், நிஜமாவே வெறும் கட்டை சார்" என்றேன். இயக்குநர் என் தோளில் தட்டி, "மேடம் ரொம்ப அடக்கம்" என்றார். அதற்குமேல் என்ன செய்ய? தலையில் அடித்துக்கொள்ளக்கூடப் பக்கத்தில் சுவர் இல்லை, எல்லாம் அலமாரி.

ஏப்ரல் 2, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. நூலகம் தொடரும். அரிய தொகுதிகள் இருநூற்றுப் பன்னிரண்டும் இங்கேயே இருக்கும். மற்ற முப்பத்தெட்டாயிரமும் கிடங்குக்கு.

அண்ணன் வீட்டில் அவர் மனைவி கேட்டாராம்: "எனக்கு ஒரு கடிதாசி எழுதினதில்ல. இருநூத்திப் பன்னெண்டு புத்தகமா?"

ஏப்ரல் 13, திங்கள்

சண்டை போடப் போனேன். அப்புறம் போடலாம் என்று வைத்திருந்தேனே, அந்தச் சண்டை. இயக்குநர் காபி கொடுத்தார். "உங்க நூலகம் பிழைச்சதே பெரிய விஷயம் மேடம்." ஆமாம், பிழைத்தது. உயிரை எடுத்துக்கொண்டு உடம்பை விட்டுவைப்பதற்குப் பெயர் பிழைப்பா? இதை அங்கே கேட்கத் தோன்றவில்லை. வரும் வழியில் பஸ்ஸில்தான் தோன்றியது. எப்போதும் இப்படித்தான் எனக்கு.

ஏப்ரல் 21, செவ்வாய்

லாரிகள். கடைசியாகத் தத்துவம் போனது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 22, புதன்

முன்னுரை வழக்கம்போல் பத்து மணிக்கு வந்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே காலி அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நூத்திப் பதினாலாம் பக்கத்துல விட்டிருந்தேன் மேடம்" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். என்னால் வந்தது. நாலு படிவத்துக்குச் சோம்பல்பட்டு, ஒரு போனில் வாயை மூடி... எல்லாம் நானேதான். வேறு யாரைச் சொல்ல?

ஏப்ரல் 24, வெள்ளி

அண்ணன் தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு வண்டி கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். யாரைக் கேட்டு?

"புத்தகம் வெளிய போனா டம்மி வைக்கணும் மேடம். விதி."

"முப்பத்தெட்டாயிரத்துக்குமா அண்ணே? உங்களுக்கு என்ன ஆச்சு?"

உட்கார்ந்து சீட்டு எழுத ஆரம்பித்தார். 'கிடங்குக்குப் போயிருக்கிறது.' கையெழுத்து. பிறகு பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எப்ப வரும்னு போடட்டும்?"

"அது வராது. விட்டுடுங்க."

"வராத புத்தகத்துக்கு டம்மி வைக்க முடியாது மேடம். அப்புறம் அது வெறும் கட்டை."

பேராசிரியரிடம் இதைத்தானே நான் இரண்டு முறை சொன்னேன்? இவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

"மே அஞ்சுன்னு போடுங்க" என்றேன். ஏன் சொன்னேன், அதற்குள் எப்படி வரும், எதுவும் தெரியாது. அண்ணன் எழுதிவிட்டார். அவர் எழுதினால் எழுதியதுதான்.

மே 5, செவ்வாய்

கிடங்குக்குப் போனோம். நான், அண்ணன், முன்னுரை. வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு. அங்கே யார் வேண்டுமானாலும் உறுப்பினர் ஆகலாம். ஒரு அட்டைக்கு நாலு புத்தகம், பதினான்கு நாள்.

இத்தனை வருடத்தில் ஒரு நூலகத்தில் வரிசையில் நின்றது இல்லை. படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் கை நின்றது. பின்னால் இருந்தவர் உச்சுக் கொட்டினார். 'வாசகர்' என்று எழுதினேன்.

பதினாறு புத்தகம். முன்னுரையின் புத்தகம் முதலில். அவர் அங்கேயே நின்று நூற்றுப் பதினாலாம் பக்கத்தைத் திறந்துவிட்டார். நகர்த்தவே முடியவில்லை. வீட்டுக்காரர் கணக்குப் போட்டார்: "எல்லாத்தையும் நம்ம அலமாரிக்கே கொண்டு போக இன்னும் தொண்ணூறு வருஷம் ஆகும்டி." ஆகட்டுமே. அண்ணனுக்கு மருமகன்கள் இருக்கிறார்கள், எனக்கு அக்கா குடும்பம் இருக்கிறது, எல்லோருக்கும் அட்டை எடுக்கலாம்.

கவுண்டரில் இருந்த பெண் மேசைக்கு அடியிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்தாள். சீட்டு ஒட்டி, என் பெயரை எழுதினாள். அண்ணன் எட்டிப் பார்த்து, "கையெழுத்து நல்லா இருக்கும்மா" என்றார்.

"எப்ப திருப்பித் தருவீங்க மேடம்?"

"பதினாலு நாள்ல" என்றேன். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.