கார்டில் எழுதிய பெயர்

லீட்ஸ்
8.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

கை வலி தேவலையா? அப்பா உன் போனை நோண்டுவதால்தான் தேவயானி டீச்சர் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். ஜூலை 16 எனக்குப் பட்டமளிப்பு. கறுப்பு அங்கி, தொப்பி எல்லாம் உண்டு. மேடையில் நம்மை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று நாமே ஒரு கார்டில் எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டதால், வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் நான் ஈஸ்வரபாண்டிதான். என்னைப் படிக்கவைக்க விடியுமுன்னே ஜீப்பேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனது நீ. உன் கையை முறித்தவர் பெயருக்கா கைதட்டல்? "ஹேமாவதி கருத்தம்மாள்" என்று எழுதப்போகிறேன்.

உன் ஹேமா

தேவாரம்
24.6.2024

என் தங்கத்துக்கு அம்மா எழுதுறது.

உன் கடுதாசியைப் படிச்சேன். அப்படி எழுதிப்புடாத ஆத்தா. விழாவை நெட்டுல நேரடியா காட்டுவாகளாமே, டீக்கடை டிவியில போடச் சொல்லி உங்கப்பா ஊரையே கூப்பிட்டிருக்காக. "என் பேரு லண்டன்ல கேக்கப்போகுது"ன்னு மீசையை முறுக்கிக்கிட்டுத் திரியிறாக. கேக்கலைன்னா என் கதி என்னன்னு உனக்குத் தெரியாதா? என் பேரு ரேஷன் கார்டுல இருக்கு, அது போதும். உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்.

அம்மா

லீட்ஸ்
17.7.2024

அம்மா,

உன் கடிதம் வந்தது. வந்த பிறகும் உன் பெயரைத்தான் எழுதினேன். எத்தனை நாளைக்குத்தான் பயந்து சாவது? கொஞ்சங்கூடத் தடுமாறாமல் "கருத்தம்மாள்" என்று கூப்பிட்டார்கள். மேடையிலேயே அழுதுவிட்டேன். நீ கேட்டாயா? ஏன் போனை எடுக்கவில்லை?

ஹேமா

தேவாரம்
2.8.2024

ஹேமாவதிக்கு,

கேட்டேன். டீக்கடைக்கு வெளிய பொம்பளைகளோட நின்னேன். "ஈஸ்வரபாண்டி, உம்ம பேரு எங்கய்யா?"ன்னு எவனோ சிரிச்சான். உங்கப்பா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துனாக. மறுபடியும் அதே கை. போனையும் உடைச்சாச்சு. நான் சொல்லச் சொல்ல டீச்சர்தான் இதை எழுதுறாக.

வேண்டாம்னு கும்பிட்டேனே ஆத்தா. அங்கன உனக்குக் கைதட்டுனாக. இங்கன இருக்கிறது நான்தானே? என் பேரை மைக்குல கேட்டது நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதை நினைச்சுச் சந்தோசப்படத்தான் எனக்குக் குடுத்து வைக்கலை.

இனிமே டீச்சர் வீட்டுக்கும் எழுதாத. அவுக வாசல்லயும் உங்கப்பா வந்து கத்திட்டுப் போறாக. நீ இங்கன வரவும் வேண்டாம். நல்லா இரு. கீழ பேரை மட்டும் இடது கையால நானே எழுதுறேன்.

கருத்தம்மாள்